சுண்ணாம்பு தின்ற பிரஷ்

நாலு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்று ஒரே ராத்திரியில் கூழாகிப் போன கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் இருக்கிற எங்கள் ஆச்சி வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்புதான் அடிப்பது. டிஸ்டெம்பர், எமல்ஷன் எதுவும் அந்தச் சுவரில் நிற்பதில்லை. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர் அது. ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மேலே பிளாஸ்டிக் தோல் மாதிரி எதையாவது பூசினால் அடுத்த மழையில் கொப்பளித்து உரிந்துவிடும். வழக்கமாக வெள்ளையடிக்க வருகிற பெரியவர் இந்த முறை முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். "நானே அடிச்சிருவேன் ஆச்சி" என்று வாயைக் கொடுத்தேன்.

டவுனில் போய் நல்ல பிரஷ்ஷாகக் கேட்டேன். அசல் பன்றி முடி, மர அலகு, தகரப் பட்டை. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. பன்றி முடிக்கு ஒரு விசேஷம் உண்டு: நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகளுக்குள் பெயின்ட் தங்கி, இழுக்கும்போது கோடு தெரியாமல் பரவும். எண்ணெய் பெயின்டுக்கு அதைவிட நல்ல முடி கிடையாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே பிரஷ்ஷைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பில் முக்கினேன்.

முதல் நாள் சாயங்காலமே முடி தொய்ந்து போயிருந்தது. நனைந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கழுவச் சோம்பேறித்தனப்பட்டு, பிரஷ்ஷை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எடுத்தால் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊறிப்போன சேமியா மாதிரி வழவழவென்று விரலோடு வந்தது. சுவரில் ஒரு இழுப்பு இழுத்ததும் பாதி முடி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, முழங்கால் வலிக்காரப் பெரியவர் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். பிரஷ்ஷைப் பார்த்ததும் சிரிப்பு.

"மக்கா, தோல் பதப்படுத்துறவன் முடியை எடுக்கதுக்கு என்னத்தைப் போடுகான்?"

சுண்ணாம்பு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கத்துத் தோல் தொழிலில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போடுவதே முடி கழன்று வரத்தான். எங்கேயோ படித்தது அப்போதுதான் தலையில் உறைத்தது. முடி, நகம், கொம்பு எல்லாம் கெரட்டின் என்கிற புரதம். கந்தகப் பிணைப்புகள்தான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடுமையான காரம் பட்டால் அந்தப் பிணைப்புகள் விட்டுப்போகும். சுண்ணாம்புத் தண்ணீரின் கார அளவு (pH) 12.4 வாக்கில். முடிக்கு அது போதும். செடி நார் செல்லுலோஸாலும் லிக்னினாலும் ஆனது. காரத்தில் உப்பும், கரையாது. அந்தக் காலத்தில் வெள்ளையடிக்கிறவர்கள் முடி பிரஷ்ஷைத் தொடாததற்கு அது கிடைக்காதது மட்டும் காரணம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நைலான் பிரஷ் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம், நைலான் சுண்ணாம்பைத் தாங்கும். ஆனால் மோர் மாதிரி நீர்த்த சுண்ணாம்பை அது பிடித்து வைத்துக்கொள்ளாது. வாளியிலிருந்து சுவருக்குப் போவதற்குள் முக்கால்வாசி முழங்கை வழியாக ஒழுகிவிடும். அதோடு, "தாழை விழுது இருக்கச்சில என்னத்துக்குடே காசு?" என்று பெரியவர் கேட்டதும் எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

தாழை விழுது

எங்கள் ஊர்க் கால்வாய்க் கரை நெடுகத் தாழைதான். பூவுக்காகத்தான் எல்லோருக்கும் தாழையைத் தெரியும். பிரஷ்ஷுக்கு வேண்டியது தண்டிலிருந்து சாய்வாகத் தரையை நோக்கி இறங்குகிற விழுது. பாம்பு இருக்கும் என்ற பயத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கம்பால் புதரைப் பத்து நிமிஷம் அடித்துக்கொண்டே நின்றான். பாம்பு வரவில்லை. என் முழங்கையைக் கிழித்தது இலைதான். தாழை இலையில் இரண்டு ஓரமும் முள், போதாததற்கு அடியில் நடு நரம்பிலும் ஒரு வரிசை முள். உள்ளே போகும்போது ஒன்றும் செய்யாது. கையை வெளியே இழுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

முதலில் வெட்டியது மண்ணுக்குள் இறங்கி வேர்விட்ட பழைய விழுது. பருமனாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டேன். அடித்தால் விறகு மாதிரிச் சிம்பு சிம்பாகத் தெறித்தது, நார் பிரியவே இல்லை. அடுத்தது நேர்மாறு. நுனியில் தொப்பி மாதிரி மூடியிருக்கிற இளசு. இரண்டு அடியில் வாழைத்தண்டு மாதிரி நசுங்கிச் சக்கையாகிவிட்டது. சரியாக வந்தது மூன்றாவது ரகம்: மண்ணைத் தொட இன்னும் ஒரு சாண், இரண்டு சாண் இருக்கிற, தோல் பழுப்பேறத் தொடங்கிய விழுது. இரண்டு விரல் சேர்த்த பருமன்.

முக்கால் அடி நீளத் துண்டுகளாக ஆறு வெட்டிக்கொண்டேன். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறியது. காலையில் துணி துவைக்கிற கல்மேல் வைத்து, ஒரு முனையில் நாலு விரல்கிடை நீளத்துக்கு மட்டும் தோலைச் சீவிவிட்டு, கொட்டாப்புளியால் தட்டினேன். இரும்புச் சுத்தியலால் தட்டினால் நார் அறுந்துவிடும். மரத்தால்தான் தட்ட வேண்டும், அதுவும் ஓங்கிப் போடாமல், விழுதைத் திருப்பித் திருப்பிச் சின்னச் சின்ன அடியாக. ஐந்து நிமிஷத்தில் உள்ளே இருக்கிற பஞ்சு மாதிரியான சோறு கழன்று வரும். தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். மூன்று நாலு தடவைக்குப் பிறகு வெளிர் மஞ்சள் நாராகக் குஞ்சம் பிரிந்தது. ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஆணி முனையில் இழுத்துச் சீவினேன். தட்டாத பகுதி அப்படியே கைப்பிடி. பிரஷ்ஷும் பிடியும் ஒரே துண்டு, பசை இல்லை, தகரம் இல்லை.

தட்டிய முனைக்குக் கொஞ்சம் மேலே சணல் நூலால் இறுக்கி ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். அதைச் செய்யாத முதல் பிரஷ்ஷில், அடிக்க அடிக்க விழுது மேல்நோக்கிப் பிளந்துகொண்டே போய்ப் பிடியும் குஞ்சமாகிவிட்டது.

மூன்று விழுதைச் சேர்த்து ஒரு மூங்கில் கம்பில் கட்டினால் உயரமான சுவருக்கு ஆகும். தனி விழுது மூலை முடுக்குக்கு.

சுவரில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நாருக்கு நடுவிலும் நாருக்குள்ளேயும் சுண்ணாம்பை அள்ளிக்கொள்கிறது. ஒரு முக்குக்கு ஒன்றரை அடி அகலம், மூன்றடி உயரம் வரை தாராளமாக ஓடுகிறது. பெயின்ட் பிரஷ் மாதிரி நேர்த்தியாகப் போகாது, கோடு தெரியும். ஆனால் சுண்ணாம்புக்குக் கோடு பிரச்சினை இல்லை. ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய தண்ணீர் மாதிரித்தான் தெரியும், காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். முதல் பூச்சு குறுக்காக, அடுத்தது நெடுக்காக, இன்னும் தேவைப்பட்டால் மறுபடி குறுக்காக அடித்தால் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கல் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், சும்மா சொல்லவில்லை, தளதளவென்று கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி ஆகாது, பழைய இரும்பு டிரம் வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள். கண்ணில் தெறித்தால் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அதற்குப் பிறகும் விரல் இடுக்கு இரண்டு நாள் எரிந்தது. ராத்திரி முழுக்க ஆற விட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு கை உப்பும் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் பளிச்சென்று தெரிய நீலமும் சேர்த்தோம். கஞ்சி எவ்வளவு என்று கேட்டால் ஆச்சி "கண் அளவு" என்பார், அதற்கு மேல் பதில் கிடைக்காது.

பனந்தும்பு

உண்மையில் வெள்ளையடிப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. வடக்குச் சுவரில் பாசி பிடித்துக் கறுத்திருந்தது, போன வருஷச் சுண்ணாம்பு செதில் செதிலாக நின்றது. அதன்மேல் அடித்தால் செதிலோடு சேர்ந்து விழும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் காரையே பெயர்கிறது. அறுந்து உள்ளே மாட்டிக்கொள்கிற கம்பித் துணுக்கு பின்னால் துருப்பிடித்து வெள்ளையில் செம்புள்ளியாகத் தெரியும். தாழைக்கும் கம்பிக்கும் நடுவில், விறைப்பாக, ஈரம் தாங்குகிற நார் ஒன்று வேண்டும்.

அது பனையில் இருக்கிறது. பனை மட்டையின் அடிப்பாகம், மரத்தைக் கவட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பத்தை, அதற்குள் இருக்கிற நார்தான் தும்பு. இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும்: தும்பு அடித்துச் சீவிக் கட்டுக் கட்டாக வெளிநாட்டுக்கு அனுப்பிய தொழில் இது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறிய சரக்கு. தெரு கூட்டும் பெரிய பிரஷ்களுக்கும் ஆலைகளில் தேய்க்கிற பிரஷ்களுக்கும் போனது. வெளிநாட்டு வியாபாரத்தில் அதற்குப் பாசின் என்று பெயர். பிரேசிலிலிருந்து வருகிற பியாசாவா என்ற பனை இன நாரோடும், மெக்ஸிகோவில் கற்றாழை இனத்திலிருந்து எடுக்கிற டாம்பிகோ நாரோடும் போட்டி போட்ட சரக்கு அது. டாம்பிகோ என்பது அங்கே ஒரு துறைமுகத்தின் பெயர். நார் ஏறிய இடத்தின் பெயரே நாருக்கு நின்றுவிட்டது.

பனையேறுகிற மாமா ஒருவர் மரம் சுத்தம் செய்தபோது கழித்துப் போட்ட பத்தை ஏழெட்டு கிடைத்தது. காய்ந்து கல்லாக இருந்ததால் மூன்று நாள் குளத்தில் கல் ஏற்றி அமிழ்த்தி வைத்தேன். பிறகு அதே கொட்டாப்புளி, அதே கல். தாழை போல இது லேசில் பிரியாது. ஒரு பத்தைக்கு இருபது நிமிஷம், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆணிப் பலகையில் சீவினால் தூசியும் சக்கையும் போய், பழுப்பு நிறத்தில் ஒரு அடிக்கு மேல் நீளமான நார் கையில் நிற்கிறது. விரலால் வளைத்து விட்டால் டிங் என்று நிமிர்கிறது. ஏழு பத்தையிலிருந்து ஒரு கைப்பிடிக் கட்டுதான் நல்ல தும்பு தேறியது. இதைக் கூலிக்கு நாள் முழுக்கச் செய்தவர்களின் தோளை நினைத்துக்கொண்டேன்.

பிரஷ் கட்டையாக ஒரு பூவரசுத் துண்டு, ஏழு அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம், ஒரு அங்குல கனம். முகப்பில் ஆறு மில்லிமீட்டர் துளை, முக்கால் ஆழம் வரை. அதே துளையின் நடுவே பின்புறம் வரை இரண்டு மில்லிமீட்டர் துளை. வரிசைக்குப் பத்து வீதம் நாலு வரிசை. பின்புறச் சின்னத் துளை வழியாக மெல்லிய செம்புக் கம்பியை மடித்து முகப்புக்கு விட வேண்டும். அந்த வளையத்துக்குள் ஒரு சிட்டிகைத் தும்பை நடுவில் பிடித்துச் செருகி, கம்பியைப் பின்னாலிருந்து இழுத்தால் தும்பு இரண்டாக மடிந்து துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பியை அறுக்காமல் அடுத்த துளைக்கு. நாற்பது துளையையும் ஒரே கம்பி தைத்துக்கொண்டு போகும். கடைசியில் பின்புறக் கம்பியை மறைத்து ஒரு மெல்லிய பலகையை ஆணியடித்துவிட்டேன்.

சிட்டிகை எவ்வளவு என்பதுதான் சூட்சுமம். குறைவாக வைத்தால் தேய்க்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும், கூடுதலாக வைத்தால் கம்பி அறுந்து எல்லாவற்றையும் பின்னோக்கித் திருத்த வேண்டும். எனக்கு மூன்று தடவை அறுந்தது. என் துளைக்கு இருபத்திரண்டு நார் என்று கணக்குப் பிடித்த பிறகுதான் ஓடியது. சாயங்காலம் ஆரம்பித்தது, பன்னிரண்டு மணிக்கு முடிந்தது.

நுனியை எவ்வளவு நீளத்தில் வெட்டுவது என்பதில் பள்ளிக்கூட இயற்பியல் கை கொடுத்தது. ஒரு முனை பிடிபட்டு மறு முனை விட்டிருக்கிற குச்சியின் விறைப்பு, நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். நீளத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு விறைக்கும். முதலில் இரண்டு அங்குலம் விட்டேன், பாசிமேல் தடவிக் கொடுத்தது. ஒரு அங்குலத்துக்கு வெட்டினேன், இப்போது காரையையும் சுரண்டும் அளவுக்குப் போய்விட்டது. வெட்டியதை ஒட்ட வைக்க முடியாதே. பாசிக்கு அது, செதிலுக்குப் பழைய விளக்குமாற்றுக் கட்டை என்று பிரித்துக்கொண்டேன்.

ஈர்க்கு வாரியல்

அந்தப் பழைய கட்டையைத் தேய்த்துத் தீர்த்ததுதான் அடுத்த வேலைக்குக் காரணம். முற்றம் பெருக்க ஆச்சிக்கு வாரியல் இல்லாமல் போனது. எங்கள் பக்கம் வாரியல், கோயம்புத்தூர்ப் பக்கம் சீமாறு, சென்னையில் தொடப்பம், புத்தகத்தில் விளக்குமாறு. மாறு என்றால் குச்சி, மிலாறு. விளக்குகிற மாறு, அதாவது துலக்குகிற குச்சி. வெறும் குச்சிக் கட்டுதானே, இதைக் கட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்து அலட்சியமாக ஆரம்பித்து, மூன்று வேலையில் இதில்தான் நன்றாக அடி வாங்கினேன்.

தேங்காய் வெட்ட வந்தவர் நாலு பச்சை ஓலையும் இறக்கிப் போட்டிருந்தார். தரையில் பழுத்து விழுந்த ஓலையும் இரண்டு கிடந்தன. ஒரு ஓலையில் இருநூற்றுச் சொச்சம் கீற்று இருக்கும். நுனியில் இருப்பது குட்டை, அடியில் இருப்பது கோணல். நடுவில் இருக்கிறதில்தான் நீண்ட நேரான ஈர்க்கு. ஒரு ஓலைக்கு நூற்றைம்பது தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீவும் முறையை ஆச்சி செய்து காட்டினார். கீற்றின் அடிப்பக்கத்தில் நரம்பின் இரு பக்கமும் கத்தி முனையால் கொஞ்சம் பிரித்துவிட்டு, கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு கீற்றை இழுக்க வேண்டும். நகர வேண்டியது கீற்று, கத்தி இல்லை. ஒரு பக்கம் ஒரு இழுப்பு, மறுபக்கம் ஒரு இழுப்பு. நான் கத்தியை ஓட்டினேன். ஈர்க்கு பாதியில் அறுந்தது, சில சமயம் என் கட்டைவிரல். அவர் பத்து சீவி முடிக்கும்போது நான் மூன்றில் நின்றேன். எண்பத்திரண்டு வயது. சீவிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையும் சொல்லி முடித்தார்.

பழுத்த ஓலையில் எடுத்த ஈர்க்கு வளைத்தால் டக்கென்று ஒடிந்தது. மரத்திலேயே காய்ந்து, மழையும் வெயிலும் பட்டு, பூஞ்சையும் ஏறியது அது. பச்சையில் எடுத்த ஈர்க்கு வளைந்து நிமிர்ந்தது. அதனால் பழுத்ததை அடுப்புக்கு ஒதுக்கிவிட்டு, நாலு பச்சை ஓலையில் அறுநூறு ஈர்க்கு எடுத்து, அன்றைக்கே கட்டிவிட்டேன்.

தப்பு அங்கேதான். ஆச்சி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கட்டும்போது அடிச் சுற்றளவு 19 சென்டிமீட்டர். எழுதி வைத்ததால் தெரியும். அவ்வளவு இறுக்கமாக இருந்தது, குலுக்கினாலும் ஒன்று அசையவில்லை. நாலாம் நாள் பெருக்கினால் வாசல் முழுக்க ஈர்க்கு. குப்பையைப் பெருக்க ஒரு தடவை, வாரியல் உதிர்த்ததைப் பொறுக்க ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து அளந்தால் சுற்றளவு 17. தண்ணீர் வற்றி ஒவ்வொரு ஈர்க்கும் சிறுத்துவிட்டது, கட்டு மட்டும் பழைய அளவில் நிற்கிறது.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். இந்த முறை நிழலில் பரப்பி ஐந்து நாள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் முறுக்கிக்கொள்ளும். கத்தியின் முதுகால் ஒவ்வொன்றையும் இழுத்து, ஒட்டியிருந்த ஓலைப் பிசிறை வழித்தேன். பிசிறு மிஞ்சினால் அதில்தான் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் வர, கட்டைத் தரையில் டொக் டொக்கென்று தட்டிச் சமப்படுத்தினேன்.

இறுக்குவதற்குக் கைபலம் போதாது. கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையில் ஈர்க்குக் கட்டைச் சேர்த்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கட்டை ஜன்னலை நோக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும். கயிறு தானாகச் சுற்றிக்கொள்ளும், என் எடை முழுக்க இறுக்கமாக மாறும். முதலில் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி ஒரு சுற்று. ரப்பர் என்பதால் ஈர்க்கு இன்னும் கொஞ்சம் சிறுத்தாலும் கூடவே சுருங்கிப் பிடிக்கும். அதன்மேல் கயிறு. அடியிலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரு கட்டு, ஆறு அங்குலத்தில் இன்னொன்று. கடைகளில் வருகிறதில் ஒரே கட்டுதான் இருக்கும், அதனால்தான் அது சீக்கிரம் பூவாக விரிந்து குப்பையை விட்டுவிட்டுப் போகிறது.

கடைசியில் ஆப்பு. ஒரு சாண் நீளத்தில் பூவரசு முளை ஒன்றைக் கூராகச் சீவி, கட்டின் அடியில் நட்டநடுவில் வைத்துக் கொட்டாப்புளியால் இறக்கினேன். இதைத்தான் நான் முன்பு விட்டிருந்தேன். வெளியிலிருந்து கயிறு நெருக்குகிறது, உள்ளேயிருந்து முளை நெருக்குகிறது. நடுவில் இருக்கிற ஈர்க்கு எங்கே போகும்? பின்னாளில் தளர்ந்தால் கட்டைப் பிரிக்க வேண்டாம், ஆப்பை இன்னும் ஒரு அடி தட்டினால் போதும். ஆச்சி வீட்டில் சாயங்காலம் வாசல் தெளிக்கும் முன் வாரியலைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கல்லில் ஓங்கிக் குத்துவார். சின்ன வயதில் ஏதோ சாங்கியம் என்று நினைத்திருக்கிறேன். ஆப்பு இறங்கத்தான் அது.

எடை போட்டேன், 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆச்சி வாங்கி இரண்டு வீச்சு பெருக்கினார். "கனம் காணாது" என்றார். பிறகு மூலையில் சாய்த்து வைத்துக்கொண்டார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மணல் முற்றத்துக்கு ஈர்க்கு ஏன் என்பதும் பெருக்கும்போதுதான் விளங்கியது. ஈர்க்குகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் மணல் நழுவிக் கீழேயே நின்றுவிடுகிறது, சருகும் காகிதமும் மட்டும் முன்னால் போகின்றன. பூந்துடைப்பத்தால் அதே முற்றத்தைப் பெருக்கினால் பாதி முற்றத்தை வாரிக்கொண்டு போய்த் தெருவில் கொட்டிவிடுவோம். வீட்டுக்குள் சிமென்ட் தரையில் நிலைமை தலைகீழ். ஈர்க்கு தூசியின் மேல் கோடு போட்டுவிட்டுப் போகும், புல்தான் தூசியை இழுக்கும்.

அந்தப் புல் துடைப்பத்தையும் கட்டலாமா என்று ஒரு ஆசை வந்தது. அது நம் பக்கத்துத் தோட்டத்துச் சமாச்சாரம் இல்லை. மலைச்சரிவில் வளர்கிற உயரமான புல்லின் பூங்கொத்து அது. மேகாலயாவிலிருந்து லாரி லாரியாக வருகிறது, விசாகப்பட்டினம் பக்கத்து மலைகளிலும் பழங்குடி மக்கள் அறுக்கிறார்கள். தை, மாசியில் பூ முற்றும் நேரத்தில் அறுப்பு. புதுத் துடைப்பம் வீடெல்லாம் பொடி உதிர்க்கிறதே, அது பழுது கிடையாது, பூவின் துகள்தான். வாங்கியதும் வெளியே கொண்டுபோய்ச் சுவரில் நாலு தட்டு தட்டி, பெரிய பல் சீப்பால் ஒரு தடவை சீவிவிட்டால் போதும். தண்ணீரில் மட்டும் போடக் கூடாது, அழுகிக் கூழாகிவிடும். ஈரத்துக்கு ஈர்க்கு, தூசிக்குப் புல்.

ஆச்சி வீட்டில் எந்தக் காலத்திலும் மூன்று வாரியல் இருக்கும். புதியது முன்முற்றத்துக்கு. ஒரு சாண் தேய்ந்தது தண்ணீர் விட்டுக் கழுவுகிற இடத்துக்கு. தேய்ந்து தேய்ந்து முழங்கை நீளத்துக்கு வந்த கட்டை, மாட்டுத் தொழுவத்துக்கு. பழசைத் தள்ளிவிடுகிற சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். பிரஷ் நுனியை வெட்டும்போது போட்ட அதே மும்மடிக் கணக்குதான் இங்கேயும். நீளம் குறையக் குறைய விறைப்பு ஏறுகிறது. காய்ந்த சாணியைப் புது வாரியல் அசைக்காது, கட்டை பெயர்த்துவிடும்.

போகிக்கு முந்தின நாள்

வெள்ளை காய்ந்ததும் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை போடுவது வழக்கம். பட்டைக்குள் நிரப்ப, ஒரு துண்டுத் தேங்காய் மட்டையின் ஓரத்தை நசுக்கி எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிஷ வேலை. தென்னை நாரில் லிக்னின் அதிகம், அதனால்தான் மாசக் கணக்கில் உப்பங்கழியில் ஊறினாலும் கயிறு திரிக்கத் தாங்குகிறது. காவியும் சுண்ணாம்பும் அதை என்ன செய்துவிடும்?

மேல் விளிம்புக் கோடுதான் எனக்கு வரவில்லை. மட்டை அகலம், தாழை விழுது முரடு. இரண்டு இடத்தில் கோடு வழிந்து, சுவரே குடித்த மாதிரி நின்றது. ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்க் குப்பைக் கூடையிலிருந்து முடி கொட்டிப் போன அந்தப் பன்றி முடி பிரஷ்ஷை எடுத்து வந்தார். தகரப் பட்டைக்குள் மிஞ்சியிருந்த அழுகலைக் குச்சியால் நோண்டி எறிந்துவிட்டு, சீவி மிஞ்சிக் கிடந்த தாழை நாரை ஒரு கொத்து அள்ளி, நெருக்கமாகச் செருகி, பட்டையைக் கல்லால் இரண்டு தட்டு தட்டி நசுக்கினார். அரிவாள்மனையில் நுனியைச் சாய்வாக அரிந்தார்.

அதை வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்வாசலிலிருந்து மூலை வரை கோடு இழுத்தார்.

இப்போது சித்திரை. தும்பு பிரஷ் கிணற்றடித் தொட்டிக்குப் போய்விட்டது, நாற்பது கொத்தில் மூன்று கழன்றிருக்கின்றன. தாழைப் பிரஷ்கள் கழுவி உத்தரத்தில் தொங்குகின்றன. அடுத்த மார்கழியில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு எடுக்கலாம் என்கிறார் பெரியவர். வாரியல் இதுவரை ஒரு விரல் நீளம் தேய்ந்திருக்கிறது, ஆப்பு இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. நான் அடித்த வெள்ளை வடக்குச் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. ஆச்சியின் காவிக் கோடு மட்டும் நேராக நிற்கிறது.